அம்மிக்குருவி

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் "எங்களுக்கு ஒண்டும் வேணாம்" என்று சொன்னால் பெண்ணைப் பெற்றவர்களுக்குப் பயம் பிடிக்கும். வயல் வேண்டும், நகை வேண்டும் என்று வாய் திறந்து கேட்டால் பேரம் பேசலாம். கட்டாது என்று எழும்பியும் வரலாம். ஒன்றும் வேண்டாம் என்கிறவரிடம் என்ன பேசுவது? அந்த 'ஒன்றும்' என்பதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் கலியாணச் சோறும் தின்று முடிந்துவிடும்.

எனக்கு மாப்பிள்ளை கேட்டு மருதமுனைக்குப் போன தரகர் சீனிமுகம்மது திரும்பி வந்து, "ஒண்டும் வேணாமாம்" என்றபோது வாப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "ஆனா ஒரேயொரு விசயம் சொன்னார்" என்று அவர் பிளேன்டீயை உறிஞ்சிய பிறகுதான் வாப்பாவுக்கு மூச்சு வந்தது.

"சொல்லுங்க காக்கா."

"பொடியன் அமெரிக்காவில படிச்சவர்தானே. சீதனம் எடுக்கமாட்டாராம். கைக்கூலிக் காசும் எடுக்கமாட்டாராம். இருக்கப்போற வீட்டில அம்மிங் பேட்டும் வண்ணாத்திப்பூச்சியும் வாற மாதிரி நாலு பூமரம் இருந்தாக் காணுமாம்."

"என்ன பேட்?"

"அம்மிங் பேட். பேட் எண்டா குருவிதானே மர்சூக்."

குசினி வாசலில் ஒரு கையில் அகப்பையும் மறுகையில் முக்காட்டுமாக நின்ற உம்மா முகம் மலர்ந்து உள்ளே வந்தார். "அம்மிக்குருவியா? அதுக்கென்ன. முந்தி நான் அம்மி கழுவக்குள்ள நாளாந்தம் வருமே, தேங்காய்ப்பூப் பொறுக்க."

அன்றிலிருந்து அந்தப் பறவைக்கு எங்கள் வீட்டில் அம்மிக்குருவி என்று பெயராகிவிட்டது. ஹம்மிங் பேர்ட் என்று நான் எத்தனை தரம் திருத்தினாலும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. மிக்ஸி வந்த பிறகு கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்த பழைய அம்மியை உம்மா அன்று பின்னேரமே நிமிர்த்திக் கழுவி வைத்தார்.

சுபியான் என்ற அந்த மாப்பிள்ளையைத் தரகர் கண்டுபிடிக்கவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன். அவர் பறவைகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்து ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தவர். நான் அந்த வளாகத்து நூலகத்தில் வேலை செய்கிறேன். இரவல் எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தருமுன், தாள்களுக்குள் அகப்பட்ட எறும்பை மெல்ல ஊதி மேசையில் இறக்கிவிட்டுத் தருகிற மனிதர். எனக்குப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் உம்மாவிடம் சொன்னேன். உம்மா வாப்பாவிடம் சொன்னார். வாப்பா சீனிமுகம்மதுக்கு ஆள் அனுப்பினார். பேச்சு தொடங்கியதைக் கேள்விப்பட்டதும் சுபியான் மரியாதைக்காக நூலகப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

நானும் போய்க் கேட்கவில்லை. கேட்டு, 'ஓம், குருவி வேணும்தான்' என்று அவர் சொல்லிவிட்டால் அவரை வெறுக்க வேண்டி வரும். அதற்கு எனக்கு மனமில்லை.

எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணமாகிப் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. வீட்டைக் கட்டிய வாப்பாவும் உம்மாவும் வளவின் பின்பக்கம் ஒதுங்கிச் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். எங்கள் சாய்ந்தமருதில் வீட்டுக்கு வீடு மதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒதுங்குவதற்கு எங்களிடம் இருந்தது கிணற்றுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் மட்டும்தான். ஓர் அறை, ஒரு குசினி, முன்னால் ஒரு விறாந்தை, மூலையில் குளியலறை என்று வாப்பா அதில் அத்திவாரக் கான் வெட்டி, மூலைகளில் தூண் கம்பிகளையும் நிறுத்தி வைத்திருந்தார். ஹாட்வெயார் கடைக்காரருக்கு வீடு கட்டுவது பெரிய வேலையல்ல. எனக்குத்தான் அந்தக் கானைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெற்றவர்களைக் கிணற்றடிக்குத் துரத்திவிட்டுத்தான் நான் கலியாணம் கட்ட வேண்டுமா?

"நீங்க இஞ்சயே இருங்க வாப்பா. நாலு அறை கிடக்குதானே" என்று கேட்டுப் பார்த்தேன்.

"மகளுக்குக் குடுத்த வீட்டில வாப்பா கிடந்தா ஊர் என்ன கதைக்கும்? மருமகன் சோறு தின்னக்குள்ள எதிர்ல குந்தி நான் முழிக்கவா?" என்று கேட்டார் அவர். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

குருவிக் கதைக்கு வருகிறேன். நான் தேடிப் படித்து, ஹம்மிங் பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்று வாப்பாவிடம் விளக்கினேன். இலங்கையிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை, நாங்கள் தலைகீழாக நின்றாலும் வராது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த வாப்பா, "இதை அவங்கட ஆக்களுக்குச் சொல்லிப்போடாதே மகள்" என்றார்.

"ஏன்?"

"வயலைக் கேட்டு இல்லையெண்டா அதில ஒரு ஞாயம் இருக்கு. கேவலம் ஒரு குருவியைக் கேட்டு, அதையும் குடுக்க ஏலாமப் போச்சு எண்டா பொறகு நான் எப்பிடிப் பள்ளிவாசலுக்குப் போற?"

பெண்ணைப் பெற்றவரிடம் உயிரியல் எடுபடாது என்று அன்றுதான் விளங்கியது.

மறுநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு நற்பிட்டிமுனையில் பூங்கன்று விற்கிற கிசோக்கிடம் போனார். கிசோக் 'இல்லை' என்ற சொல்லையே கற்காத வியாபாரி. அமெரிக்கக் குருவி வருமா என்று வாப்பா கேட்டதும் ஒரு நொடிகூடத் தயங்காமல், "வரும் முதலாளி. போன கிழமையும் ஒருத்தர் கொண்டுபோனார்" என்றான்.

"குருவியையா?" என்று கேட்டேன் நான்.

"பூங்கண்டை அக்கா, பூங்கண்டை." அவன் கையில் இருந்த போனைப் பார்த்து ஒப்பித்தான். "சிவப்பாப் பூக்கோணும். குழல் மாதிரிப் பூக்கோணும். நல்ல வெயில் வேணும். அவ்வளவுதான், குருவி கியூவில நிக்கும்."

சிவப்புச் செவ்வரத்தை, இக்சோரா, சல்வியா என்று அள்ளி ஏற்றினான். இதுவரை சரி. பூவே பூக்காத குரோட்டன் செடியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது குருவி இளைப்பாற" என்றான். கற்றாழையைக் கொண்டுவந்து, "இது வெயில் நேரம் நாவறண்டா" என்றான். பிளாஸ்ரிக் றோசா ஒன்றையும் தூக்கினான். "இது எதுக்கு?" என்று நான் முறைத்ததும், "இது கண் தெரியாத குருவி..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

வண்ணத்துப்பூச்சிக்கு என்ன வேண்டும் என்பதை நான்தான் சொன்னேன். பூ மட்டும் போதாது, முட்டையிட்டுப் புழு தின்று வளர இலையும் வேண்டும். தேசி எலுமிச்சைக் கன்று, கறிவேப்பிலைக் கன்று, எருக்கலை. எருக்கலையைக் காசுக்கு வாங்க வந்த முதல் மனிதர் என்று கிசோக் வாப்பாவை மரியாதையோடு பார்த்தான். பிறகு வெளியே போய் வேலியோரத்தில் நின்ற ஒன்றைப் பிடுங்கி, பையில் மண் போட்டு நட்டுக்கொண்டு வந்தான்.

இவ்வளவையும் எங்கே வைப்பது? முன்பக்கம் மாமர நிழல். பக்கவாட்டில் இரண்டு மதில்களுக்கிடையில் ஒரு ஆள் சரிந்து நடக்கலாம். நல்ல வெயில் விழுகிற இடம் வளவில் ஒன்றே ஒன்றுதான். வாப்பா மாட்டெருவைத் தள்ளுவண்டிலில் கொண்டுவந்து அத்திவாரக் கான்களுக்குள் கொட்டினார். நான் ஓடிப்போய் வண்டிலின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"இது உங்கட வீடு வாப்பா!"

"வீடு மறுகாக் கட்டலாம். குருவிக்குத்தான் அவசரம்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் எங்க இருக்கிற?"

"கடைக்குப் பின்னால சீமெந்து அடுக்கிற அறை சும்மாதானே கிடக்கு."

உம்மாவைப் பார்த்தேன். உம்மா எருக்கலையை முகர்ந்து பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஒருவருக்கும் அது உறைக்கவுமில்லை, எல்லாரும் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெட்டி வைத்த கானில் நட்டதால் தோட்டம் வீட்டின் வடிவத்திலேயே வளர்ந்தது. சுவர் வரவேண்டிய இடமெல்லாம் செவ்வரத்தையும் இக்சோராவும் வரிசை பிடித்தன. அறைக்குள் சல்வியா, குசினிக்குள் தேசியும் கறிவேப்பிலையும், குளியலறையில் எருக்கலை. வாசலுக்கு விட்ட இடைவெளி வாசலாகவே இருந்தது. உம்மா அந்த வாசலால்தான் போய்வந்தார். நான் அவசரத்தில் ஒருநாள் இக்சோராவைத் தாண்டிக் குறுக்கே போனபோது, "சுவருக்குள்ளால வாறாள் பாரு, ஜின் மாதிரி" என்று ஏசினார். கிணற்றடி அம்மியை உருட்டிக்கொண்டு போய்க் குசினியின் மூலையில் வைத்தார். குருவி வந்தால் இருக்க வேண்டாமா?

வாப்பா தன் பங்குக்குக் கடையையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். குருவிக்குச் சிவப்புப் பிடிக்கும் என்று கிசோக் சொன்னதிலிருந்து கேற், தண்ணீர்த் தாங்கி, கிணற்றுக் கட்டு, வாளி எல்லாம் சிவப்பாயின. சிவப்புக் கொடிக் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து வாப்பாவின் கையைக் குலுக்கி, "இந்த வட்டாரத்தில உங்களை மாதிரித் துணிஞ்ச ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பைப் துண்டுகளை ஒட்டிச் சீனித்தண்ணீர் குடிக்க ஏனங்கள் செய்து, தூண் கம்பிகளில் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். கட்டுக்கம்பி கட்டுவதில் வாப்பாவுக்கென்று ஒரு முறை உண்டு. இரட்டையாக முறுக்கி, நுனியை உள்ளே மடித்துவிடுவார். யாருடைய கையும் கிழியக்கூடாதாம். சீனித்தண்ணீருக்குச் சாய்ந்தமருது முழுவதிலுமிருந்து எறும்பு வந்தது. டெங்கு பார்க்க வந்த சுகாதாரக்காரர் ஏனத்துக்குள் எட்டிப் பார்த்து, "இது ஆருக்கு?" என்று கேட்டார். "அமெரிக்காவில இருந்து வாற ஆளுக்கு" என்றார் உம்மா. அவர் வருகிறவரின் பெயரை எழுதக் கொப்பியை விரித்தார்.

உச்சம் காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் நடந்தது. வீட்டை என் பெயருக்கு எழுதுகிற உறுதியில் குருவியையும் சேர்த்துவிட்டால் பிறகு பேச்சு வராது என்று வாப்பா நினைத்தார். கல்முனையில் அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அசையும் ஆதனமா, அசையா ஆதனமா?" என்று கேட்டார்.

"பறக்கும். ஆனா பறந்துகொண்டே ஒரே இடத்தில நிக்கும் எண்டு மகள் சொல்றாள்."

நொத்தாரிசு கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "அப்ப ரெண்டிலயும் சேராது. விட்டுருங்க."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இந்தக் கூத்தில் உம்மா மட்டும் கொஞ்சம் சந்தோசமாக இருந்தார். தேசியிலையில் புழு பிடித்த அன்று விளக்குமாற்றோடு போனவரை நான் தடுத்து நிறுத்தி, "இதுதான் உம்மா வண்ணத்துப்பூச்சி. இன்னும் உடுப்பு மாத்தல்ல" என்று சொன்னேன். உம்மா குனிந்து பார்த்தார். அன்றிலிருந்து கறிவேப்பிலையில் கைவைக்க ஒருவரையும் விடவில்லை. வீட்டில் மரம் நிற்க, சந்தையில் கறிவேப்பிலை வாங்கிக் கறி சமைத்தார். காலையில் பார்த்துவிட்டு வந்து, "ஒராளுக்கு இண்டைக்குச் சாப்பாடு பிடிக்கல்ல போல, சுருண்டு கிடக்கிறார்" என்பார். அது கூட்டுப்புழுவாகித் தொங்கிய பிறகு அந்தப் பக்கம் சத்தமாகக் கதைக்கவும் விடவில்லை.

வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. கறுப்பும் வெள்ளையும், மஞ்சளும் கறுப்பும், எருக்கலைக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம். தேன்சிட்டும் வந்தது. ஆண் பளபளவென்று, பெண் சாம்பலும் மஞ்சளுமாக, செவ்வரத்தைக்குள் மூக்கை விட்டுவிட்டு எடுத்தன. எனக்கு வாய் கொள்ளாத சந்தோசம்.

"பாருங்க வாப்பா! அமெரிக்காவில அது செய்யிற வேலையை இஞ்ச இதுதான் செய்யிது. காணாதா?"

வாப்பா ஏற இறங்கப் பார்த்தார். "இது நம்மட ஊர்க் குருவி மகள். எல்லார்ர வேலியிலயும் நிக்கிது. ஊர்க் குருவியைச் சீதனமாக் குடுத்தா சிரிக்கமாட்டாங்களா? சூ, சூ!" என்று கையை வீசினார். தேன்சிட்டு அவரைச் சட்டை செய்யவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து, வீடு பார்க்க வருவதாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். வாப்பாவுக்கு அந்த வாரம் முழுவதும் தூக்கமில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டு நடந்ததில் இரண்டு தரம் கிணற்றுக் கட்டில் மோதிக்கொண்டார். குருவி வராவிட்டால் என்ன சொல்வது என்று சீனிமுகம்மதிடம் கேட்டிருக்கிறார். "இப்பதான் வந்துட்டுப் போச்சு எண்டு சொல்லுங்க" என்று அவர் வழி சொல்லியிருக்கிறார்.

சுபியானின் தாய் சபியா உம்மா இரண்டு பெண்களோடு வந்தார். மருதமுனையில் தறி வைத்திருக்கிறவர், அதிகம் பேசாதவர். வட்டிலப்பத்தை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, "வளவைப் பார்ப்பமே" என்றார். உம்மா முன்னே நடந்தார். நான் பின்னால் போனேன். வாப்பா சிவப்புத் தாங்கிக்குக் கீழே நின்றுகொண்டு, "இப்பதான் வந்துட்டுப் போச்சு" என்றார், ஒருவரும் கேட்காமலே.

சபியா உம்மா இக்சோராவைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"இப்பிடி வாங்க ராத்தா, அது சுவர்" என்றார் உம்மா பழக்கதோசத்தில்.

சபியா உம்மா காலை இறக்கினார். வாசலால் வந்தார். நின்று நாலு பக்கமும் பார்த்தார். "இது?"

"குசினி."

"இந்தப் பக்கம்?"

"எங்கட அறை" என்றார் உம்மா. சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கி, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சபியா உம்மா அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தார். பிறகு குசினிக்கு வந்து அம்மிக்குப் பக்கத்தில் குந்தினார். "தங்கச்சி, நானும் என்ட மகளுக்கு வீட்டைக் குடுத்துட்டு இந்தளவு அறைக்குள்ளதான் கிடக்கன். எனக்கு அளவு தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் ஒதுங்கிறதுக்கு வெட்டின அத்திவாரம்தானே இது. இதுக்குள்ள ஏன் பூமரம் வைச்ச?"

உம்மா அம்மியின் மேல் கிடந்த சருகைப் பொறுக்கினார். வாப்பாதான் தலையைக் குனிந்துகொண்டு, "உங்கட மகன் கேட்ட அம்மிக்குருவிக்கு" என்றார்.

"என்ட மகனா? அம்மிக்குருவியா?"

சபியா உம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்துச் சத்தமாக வைத்துக்கொண்டு மகனை அழைத்தார். அவர் சந்தியில் காருக்குள் தாயைக் காத்துக்கொண்டிருந்தார். தாய் அம்மிக்குருவியைப் பற்றிக் கேட்டார்.

"உம்மா, ஒண்டும் வேணாம் எண்டு எத்தனை தரம் சொல்லியும் அந்தத் தரகர் எழும்பல்லயே. 'சும்மா சொல்றீங்க, ஒண்டு சொல்லுங்க, ஒண்டு சொல்லுங்க' எண்டு உயிரை எடுத்தார். அதான் நம்மட நாட்டிலயே இல்லாத குருவி ஒண்டைச் சொன்னன். இல்லாததைக் கேட்டா ஒண்டும் கேட்காத மாதிரித்தானே?"

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ தெரியாது. வருங்கால மாமியின் கையிலிருந்த போனை வாங்கிவிட்டேன்.

"இல்லாததைக் கேட்டா எங்கட வாப்பா இல்லையெண்டு சொல்லுவார் எண்டா நினைச்ச நீங்க? பொம்புளப் பிள்ளையைப் பெத்தவருக்கு அந்தச் சொல்லு வாயில வருமா? உங்கட பகிடி எங்கட வாப்பாட வீட்டுக்கு மேல பூத்து நிக்கிது. அவரும் உம்மாவும் சீமெந்து மூட்டையோட படுக்கப் போறாங்க. வந்து பாருங்க!"

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். கலியாணம் முறிந்தது என்றுதான் நினைத்தேன். வாப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், தாங்கியைப் பிடித்துக்கொண்டார். சபியா உம்மாவோடு வந்த பெண்கள் இருவரும் செவ்வரத்தையைத் தீவிரமாகப் பார்த்தார்கள்.

சுபியான் ஓடி வந்தார். வாப்பா முதல்நாள் இரவு மறுபடியும் பூசிய கேற்றின் சிவப்பு காயாமல் அவருடைய வெள்ளைச் சேட்டில் ஒட்டியிருந்தது. வந்த வேகத்தில் இக்சோராவைத் தாண்டினார்.

"அது சுவர் மருமகன்" என்றார் உம்மா, அந்த நிலையிலும்.

அவர் என்னைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். வந்த வழியே திரும்பித் தாண்டி, சுற்றிப் போய் வாசலால் உள்ளே வந்து ஸலாம் சொன்னார். என் கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது.

"மாமா, என்னை மன்னிச்சிருங்க. நாளைக்கே இதையெல்லாம் வேரோட கிளப்பி வேற இடத்தில நடுவம். இந்த இடத்தில உங்கட வீட்டை நானே நிண்டு..." என்று சொல்லிக்கொண்டே அறையின் மூலையில் நின்ற தூண் கம்பியில் கைவைக்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். "ஆரும் அசையாதீங்க."

கம்பியின் நுனியிலிருந்து தொங்கிய கட்டுக்கம்பியில் ஒரு குப்பை தொங்கிக்கொண்டிருந்தது. சிலந்தி வலை, தும்பு, காய்ந்த சருகு எல்லாம் சேர்ந்த ஒரு பொட்டலம். விருந்தாளி வருமுன் தட்டிவிட வேண்டும் என்று உம்மா நினைத்து மறந்துபோன குப்பை. அதன் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து வளைந்த மூக்கு ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் இத்தனை நாளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மிக்குருவியா?"

"இல்ல மாமா, நம்மட தேன்சிட்டு. அடைகாக்குது. குஞ்சு பொரிச்சுப் பறக்கிற மட்டும் இந்த இடத்தில கைவைக்க ஏலா."

வாப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் கை வீசிக் கலைத்த குருவி அவருடைய படுக்கையறையில் அவருக்கு முன்னமே குடிவந்துவிட்டது. சபியா உம்மா முழங்காலில் கையூன்றி எழும்பினார். தறியில் இழை பார்க்கிற மாதிரி எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பகிடியோ உண்மையோ, எங்கட பக்கம் கேட்டது குருவி. அல்ஹம்துலில்லாஹ், குருவி வந்திருக்கு. சீதனம் கிடைச்சிட்டு" என்றார். "இனி இந்தக் குருவி எங்கட பொருள். அது இருக்கிற மட்டும் இதில ஒரு கல் வைக்க நான் விடமாட்டன். வைச்சா, குடுத்த சீதனத்தைத் திருப்பி எடுத்த மாதிரி. மர்சூக் தம்பி, குருவி போற மட்டும் நீங்க ரெண்டு பேரும் முன்வீட்டிலதான் இருக்கோணும். சீமெந்து அறைக்குப் போறதா இருந்தா, கலியாணம் வேணாம்."

வாப்பா அடுத்த வீட்டு மதிலைப் பார்த்தார். ஊர் என்ன கதைக்கும் என்று கேட்க வந்திருப்பார். ஆனால் இது மாப்பிள்ளையின் தாய் போட்ட நிபந்தனை. நிபந்தனை என்றால் பெண்ணைப் பெற்றவர் இல்லையென்று சொல்ல முடியாது.

"குருவி இருக்கிற மட்டும்தானே?" என்றார்.

"குருவி இருக்கிற மட்டும்."

நிக்காஹ் நடந்தது. சுபியான் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் வாப்பா, "சீதனக் குருவி அடைகாக்குது, அதான் போக ஏலாமக் கிடக்கு" என்று விளக்கம் சொன்னார். கேட்டவர்கள் மறுகேள்வி கேட்கவில்லை. என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

குஞ்சுகள் பறந்ததை நான் கண்டேன். சுபியானும் கண்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டோம். அடுத்த நாள் காலை வாப்பா தூக்கம் கலையாத குரலில், முன்வீட்டு விறாந்தையில் நின்றபடி, "மருமகன், குருவி இருக்கா?" என்று கேட்டார். அமெரிக்காவில் பறவைகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய மனிதர் எழும்பிப் போனார், வாசலால் நுழைந்தார், வெறும் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இருக்கு மாமா."

நான் அவரைக் கட்டியதற்காகச் சந்தோசப்பட்டது அன்றுதான். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அதே கேள்வி, அதே பதில்.

மாரி தொடங்கியது. கடல் காற்று ஒருநாள் இரவு முழுவதும் கூரை ஓடுகளைத் தூக்கப் பார்த்தது. விடிய நான் பயந்துகொண்டு பின்பக்கம் போனேன். கூடு நிச்சயம் பிய்ந்து எங்காவது போயிருக்கும், இனி என்ன பொய் சொல்வது என்ற பயம். செவ்வரத்தைகள் படுத்துக் கிடந்தன. ஆனால் கூடு கம்பியில்தான் தொங்கியது. கொஞ்சம் நனைந்து, கொஞ்சம் சேறு பட்டு, நேற்று இருந்ததைவிட ஒரு சாண் கீழே தொங்கியது.

சுபியான் விழுந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார் என்று நினைத்து அவரை எழுப்பிக் கேட்டேன். அவர் நான் கட்டியதாக நினைத்தார். இருவருமாகப் போய்ப் பார்த்தோம். புதிய கட்டுக்கம்பி. இரட்டையாக முறுக்கி, நுனி உள்ளே மடித்திருந்தது.

விறாந்தையிலிருந்து வாப்பா குரல் கொடுத்தார். "மருமகன், குருவி இருக்கா?"

சுபியான் மடித்த நுனியை விரலால் தடவிக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன். "இருக்கு வாப்பா."

"அப்ப சத்தம் போடாம வாங்க, சாப்பிடுவம்" என்றார் வாப்பா. நாங்கள் போனபோது, மருமகனின் தட்டுக்கு நேர் எதிரே தன்னுடையதை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.